வங்கியாக இருந்த கட்டடம்

ஒரு தரம், இரண்டு தரம் என்று
லீட்ஸ் ஓட்டலின் நடனக் கூடத்தில்
சுத்தியல் மூன்றாம் தரத்துக்கு இறங்கிய பிறகும்
ரோஸலின் தாக்ரேயின் கை
மேலேயே இருந்ததாம்.
பக்கத்து நாற்காலிக்காரர்தான் சொன்னார்,
போதும் அம்மா, உங்களுக்குத்தான், இறக்குங்கள்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு
ஈரக் குடையோடு என் மேசை முன்னால்.
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் பவுண்டு.
பத்தில் ஒரு பங்கு கட்டியாயிற்று.
மீதிக்கு இருபத்தெட்டு நாள்.
தவறினால் கட்டியதும் போச்சு,
கட்டடமும் போச்சு.
"ஏலத்துக்கு முன்னால் அல்லவா
என்னிடம் வந்திருக்க வேண்டும்."
"வந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்,
மிஸ்டர் பிக்கர்ஸ்கில்."
உண்மைதான்.

பத்திரங்களைப் பிரித்தேன்.
பிரிட்லிங்டன் கடற்கரைச் சாலையில்
வங்கியாக இருந்த கட்டடம்.
கீழே பச்சை குத்தும் கடை,
இன்னும் நாலு வருடக் குத்தகை.
மேலே இரண்டு வீடு, இரண்டிலும் அடுப்படி இல்லை.
அடுப்படி இல்லாதது வீடே இல்லை
என்பது கடன் கொடுப்பவர் வேதம்.
பாதாள அறையோ
தன் சுவரோடு நில்லாமல்
அடுத்த வீட்டு வரவேற்பறைக்கு அடியில்
எட்டடி நுழைந்திருக்கிறது.
மேலே அவர்கள் சோபா,
கீழே நம் இரும்புக் கதவு.
எது யாருக்கு என்று
1908இல் எவரும் எழுதி வைக்கவில்லை.

ஏழு வங்கிகளுக்குத் தொலைபேசினேன்.
வங்கிக் கட்டடத்துக்குக் கடன் கொடுக்க
ஒரு வங்கிக்கும் மனமில்லை.
அதில் ஒன்று
அதே கட்டடத்தில் எழுபது வருடம்
கல்லா வைத்திருந்த வங்கி.
வரிசையில் இருக்கிறீர்கள் என்று சொல்லி
வயலின் வாசித்தது.

ஒன்பதாம் நாள்
மான்செஸ்டரில் ஒற்றை அறை அலுவலகக்காரன் ஒருவன்
பாலக் கடன் தருகிறேன் என்றான்.
மதிப்பில் முக்கால் பங்கு, மாதம் ஒரு சதவீதம்.
வருடத்துக்குள் அடுப்படி கட்டி
நீண்டகாலக் கடனுக்கு இறங்கிவிட வேண்டும்.
பாலத்தில் யாரும் குடியிருப்பதில்லை,
நின்றால் நிற்கிற நாளுக்கெல்லாம் சுங்கம்
என்று விளக்கினேன்.
விரல்விட்டு எண்ணினாள்.
சேமிப்பு பதினேழாயிரத்து எழுநூறு.
அச்சில் வார்த்த மாதிரிப் பொருந்தியது.
வக்கீலுக்கு என்று தனியாக
ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தாள்.

பதினெட்டாம் நாள் மதிப்பீட்டாளர்.
டார்ச் அடித்தார், சுவரைத் தட்டினார்,
நன்று என்று எழுதப் போன பேனாவை
ரோஸலின் நிறுத்தினாள்.
"பெரிய அலை நாளில் கீழே
கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும்.
அந்த அலமாரியை நகர்த்துங்கள், கறை தெரியும்."
தெரிந்தது.
பன்னிரண்டாயிரம் குறைந்தது மதிப்பு,
ஒன்பதாயிரம் குறைந்தது கடன்.

காரில் திரும்பும்போது நான் பேசவில்லை.
கைக்கு எட்டியது என்று தொடங்கும் பழமொழியை
எச்சிலோடு விழுங்கினேன்.
எப்படித் தெரியும் என்று
ஃபைலி தாண்டித்தான் கேட்டேன்.
"பதினோரு வருடம் ராத்திரியில்
அந்தத் தரையைத் துடைத்தேன்.
தண்ணீரை யார் வாரினார்கள் என்று நினைக்கிறீர்கள்?"

கேரவனை விற்றாள்.
டான்காஸ்டர் தம்பதி எண்ணாயிரத்து ஐந்நூறு கொடுத்து
மழையில் இழுத்துப் போனார்கள்.
மீதி ஐந்நூறு அவள் தம்பி.
பாதாள அறைக்கு ஒரு காப்பீடு,
சோபாக்காரர்கள் என்றாவது வழக்குக்கு வந்தால்.
என் கட்டணம் இன்னும் பாக்கி.
பெருமைக்குச் சொல்லவில்லை,
வீட்டில் தெரியாது.

இருபத்தெட்டாம் நாள், கெடு இரண்டு மணி.
ஒன்று ஐம்பதுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.
ஏலக்காரர் உறையில் போட்டு அனுப்பினார் சாவிகளை,
கூடவே ஒரு சீட்டு:
பின்வாசல் சாவி காணவில்லை,
பூட்டை மாற்றிக்கொள்ளவும்.

ரோஸலின் இரண்டு முறை வாசித்தாள்.
கைப்பையைத் துழாவினாள்.
வீட்டுச் சாவி, சைக்கிள் சாவி,
நடுவில் தேய்ந்துபோன பித்தளை ஒன்று.
"வேலையை விட்டு நிறுத்தினபோது
யாரும் கேட்கவில்லை" என்றாள்.